சூடு சொரணை

விமான நிலையத்தில் பெட்டி தொலைத்தவர்கள் வந்து நிற்கும் கவுண்டர், கடைசி பெல்ட்டையும் தாண்டி, கழிப்பறைக்கும் தரை துடைக்கும் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் மூலைக்கும் நடுவில் இருந்தது. அங்கே யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. உட்கார்ந்தே தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு, அடுத்தவன் பெட்டி பெல்ட்டில் சும்மா சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து நொந்துபோய், யார் மேல் கொட்டலாம் என்று தேடிக்கொண்டுதான் வருவார்கள். கொட்டுவதற்கென்றே அங்கே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் பெயர் குக்கர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முன்பு அவர் கீழ்த்தளத்தில், விமானத்திலிருந்து பெட்டிகளை இறக்கும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே வேலை செய்தவர்கள் வைத்தது. பெட்டியைத் தலைகீழாகப் போட்டால் ஒரு விசில். டிராலியைக் குறுக்கே விட்டால் இரண்டு. "ரெண்டாவது வந்துடுச்சுடா, மூணாவதுக்குள்ள ஓடிடு" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாவது விசிலில் கையில் என்ன இருக்கிறதோ அது பறக்கும். வாக்கிடாக்கி பறந்திருக்கிறது, தேநீர்க் கோப்பை பறந்திருக்கிறது, ஒருமுறை அவருடைய சொந்த ஷூவே பறந்து, ஒற்றைக் காலோடு மீதி வேலையைப் பார்த்திருக்கிறார்.

பிறகு விசில் நின்றுபோனது. எந்த நாளில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கடிகாரம் நின்றுபோனால் உடனேயா தெரிகிறது? டிராலி குறுக்கே போனது, அவர் ஒதுங்கி நின்றார். பெட்டி தலைகீழாக விழுந்தது, அவர் நிமிர்த்தி வைத்தார். ஆட்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சந்தேகப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். "வயசாகுதில்ல, பக்குவம் வந்துடுச்சு" என்றார்கள். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு.

மேனேஜர் கெட்டிக்காரர். பக்குவம் வந்த ஆளை மூட்டை முடிச்சுகளோடு விட்டுவைப்பானேன் என்று மேலே கவுண்டருக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் அழுதுகொண்டே போனார், இன்னொருவர் பயணியின் சட்டையைப் பிடித்துவிட்டுப் போனார். குக்கர் போகவில்லை. ஒரு பயணி கழுத்துத் தலையணையைக் கழற்றி அவர் முகத்தில் எறிந்தார். அவர் அதை எடுத்து, தூசி தட்டி, திருப்பிக் கொடுத்து, "பெட்டி என்ன கலர் சார்?" என்று கேட்டார். அந்த மாதமே லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டி, கீழே 'இன்முகச் சேவை' என்று எழுதிவைத்தார்கள். படத்தில் இன்முகமும் இல்லை, வன்முகமும் இல்லை. முகம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பெண்மணி, பெட்டிக்குள் தன் மகளின் கல்யாண உடை இருந்ததாம், தொண்டை கிழியக் கத்திவிட்டு, கடைசியில் கேட்டார்: "உனக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா?"

நம்மில் யாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் அடிதடிதான். குக்கர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தவர்போல, "இல்ல மேடம்" என்றார். "பெட்டிக்குச் சக்கரம் நாலா, ரெண்டா?"

ஊரெல்லாம் அதற்கு அமைதி என்று பெயர் வைத்திருந்தது. அமைதி என்றால் உள்ளே ஓர் ஆள் அமைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே உள்ளே ஆளே இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே நாள் முழுவதும் மூட்டை தூக்கியவர்போல அலுப்பு. சாப்பாடு வாயில் போனது, வயிறு பெருத்தது, கைகால் மெலிந்தது. பேருந்தில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மிதித்தார்கள் என்பதே அவருக்கு உறைக்கும்.

வீட்டில் மூன்று பேர்: அவர், அவர் மனைவி, எட்டாவது படிக்கும் மகள். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "வலிக்காது, வலிக்கவே வலிக்காது" என்று நாள் முழுவதும் சொல்வதுதான் வேலை. சொல்லிச் சொல்லி அவளுக்கு அதில் நல்ல தேர்ச்சி.

அந்த வீட்டின் சரித்திரத்தைத் தட்டுகளை வைத்தே சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் பீங்கான் தட்டுகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகச் சுவரில் போய் முடிந்தன. உப்பு கூடிப்போனதற்கு ஒன்று, சட்டை பொத்தான் விட்டுப்போனதற்கு ஒன்று, எதற்கென்றே யாருக்கும் நினைவில்லாமல் இரண்டு. அதற்கப்புறம் பல வருஷம் பிளாஸ்டிக் தட்டுதான். போன வருஷம் ஒருநாள் அவள் விளிம்பில் நீலக்கோடு போட்ட பீங்கான் தட்டுகளை வாங்கி வந்தாள். மகள் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "உடையுமாம்மா?" என்று கேட்டாள்.

"உடையும்" என்றாள் அம்மா, வாங்கிய நகை அசல்தான் என்று சொல்கிற பெருமையோடு.

மகள் தன் அறைக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதைகளை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலை சாய்த்து, ஆதியோடு அந்தமாகச் சொல்வாள். அவர் "ம்" என்பார். குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல், முகம் சுளிக்காமல் "ம்" மட்டும் சொல்லும் அப்பா எந்தப் பிள்ளைக்குக் கிடைப்பார்? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கோ தோளில் ஒரு தலை இருப்பது தெரியும், அவ்வளவுதான். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பையை நீட்டியபோது, "எங்க வைக்கப்போற?" என்று கேட்டார்.

படுக்கையில் இருவருக்கும் நடுவே ஒரு தலையணை வந்து சேர்ந்திருந்தது. யார் வைத்தது என்று இருவருக்கும் நினைவில்லை. அவளுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் கதவு அறைந்து சாத்தும் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழாமல் விடியும்வரை தூங்குகிறோமே என்று நினைத்துக்கொள்வாள். எதையாவது விட்டுத்தானே எதையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படியே போயிருக்கும். விலா எலும்பு உடையாமல் இருந்திருந்தால்.

பெரிய விபத்து ஒன்றும் இல்லை. குழந்தை ஒன்றின் சின்னப் பெட்டியை எடுத்து வைக்கக் குனிந்தபோது கவுண்டர் மூலை இடித்தது. மளுக்கென்று ஒரு சத்தம். அவர் மீதி நேரத்தையும் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றும்போது மனைவி பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க இது, இப்படி வீங்கியிருக்கு? வலிக்கலையா?"

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து முகம் சுளித்தார். "இந்த இடிக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதே. இது நாற்பது வயசுக்காரர் எலும்பு மாதிரியே இல்ல. தாத்தா எலும்பு." ரத்தமும் குறைவாக இருந்தது. வேறொரு மருத்துவரிடம் அனுப்பினார். ஹார்மோன் டாக்டர் என்றார்.

அந்த டாக்டர் அம்மாள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுகிறவர். கேள்விகளையும் அப்படித்தான் கேட்டார், எங்கோ தேடுவதுபோல. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா? கீழே எங்கேயாவது அடி பட்டதா? குறட்டை உண்டா? குடிப்பீர்களா? சர்க்கரை இருக்கிறதா? முதுகுவலிக்கு ரொம்ப நாள் பலமான மாத்திரை ஏதாவது? உடம்பு ஏற ஜிம்மில் யாராவது ஊசி போட்டார்களா? குக்கர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றார். ஜிம் கேள்விக்கு மட்டும் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"ஷேவ் பண்றது எத்தனை நாளைக்கு ஒருதடவை?"

அவர் முகவாயைத் தடவிப் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

"ஆசை எப்படி?"

"எதுக்கு?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தாள்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள், இன்னொரு நாள் வரச்சொல்லி மறுபடியும் எடுத்தார்கள், குகை மாதிரியான இயந்திரத்தில் தலையை விட்டுப் படம் பிடித்தார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் மண்டை ஒன்றை வரைந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தார்.

"இங்க பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. உடம்புல எல்லாருக்கும் உத்தரவு போடற பெரிய ஆபீசர்னு வெச்சுக்குங்க. அதுல ஒரு சின்னக் கட்டி. பயப்படாதீங்க, புற்றுநோய் இல்ல. ஆனா பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அது ஓயாம ஊத்துது. தாய்ப்பால் குடுக்கிறவங்களுக்குத்தான் அது அவ்வளவு இருக்கும்."

"இவருக்கா?" என்றாள் மனைவி.

"இவருக்குத்தான். அது ஏறினா, கீழ விரைக்குப் போற உத்தரவு நின்னுடும். டெஸ்டோஸ்டீரோன் தரைக்கு வந்துடும். அதான் தெம்பு இல்ல, தாடி இல்ல, ஆசை இல்ல, ரத்தம் ஊறல, எலும்பு பொடிப்பொடியா இருக்கு. எதுலயும் ஒட்டாம இருக்காரே, அதுவும் இதோட சேர்ந்ததுதான்."

டாக்டர் வரைந்த மண்டையைக் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். அது தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. யாரோ தொலைத்த பெட்டிக்கு அடையாளம் சொல்கிறார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திரையிலயே சரியாயிடும்" என்றார் டாக்டர். "வாரத்துக்கு ரெண்டே ரெண்டு. முதல் சில நாள் குமட்டும், தலை சுத்தும், சாப்பிட்டுட்டுப் போட்டுக்குங்க. எலும்புக்குத் தனியா தினமும் ஒரு மாத்திரை."

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சரியாயிட்டா, முன்ன மாதிரி ஆயிடுவாரா டாக்டர்?"

மனைவிமார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, முகம் மலரச் சொன்னார்: "கண்டிப்பா! அச்சு அசலா முன்ன மாதிரியே ஆயிடுவார். கவலையே படாதீங்க."

மனைவி மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மாத்திரைப் பொறுப்பு அவளுடையது என்று ஆனது. அவரிடம் விட்டால் அலமாரியிலேயே கிடக்கும். சாப்பிட்டு முடித்ததும் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள், அவர் விழுங்குவார். எது எதற்கு என்று கேட்கமாட்டார். கல்லை வைத்துக் கொடுத்திருந்தாலும் விழுங்கியிருப்பார். குமட்டல் வரவில்லை, தலை சுற்றவில்லை. "பரவாயில்லையே, உங்களுக்கு ஒத்துக்கிச்சு" என்றாள் அவள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

மூன்று மாதம் கழித்து அதே அறை, அதே சிறுநீரகப் படம். டாக்டர் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன்" என்றார் குக்கர். அவரளவில் அது உண்மைதான்.

"இம்மியும் இறங்கல. கட்டி கொஞ்சம் பெருசாகியிருக்கு வேற. இன்னும் கொஞ்சம் மேல போனா கண் நரம்பை அழுத்தும். பக்கப் பார்வை போயிடும். சிலருக்கு இந்த மருந்து மசியாது. அப்படின்னா மூக்கு வழியா போய்க் கட்டியை எடுக்க வேண்டி வரும். ஆபரேஷன் பண்றவர்கிட்ட நான் இன்னிக்கே பேசறேன்."

டாக்டர் போனைக் கையில் எடுத்தார். குக்கர் தலையாட்டினார். மூக்கு வழியாகவா, சரி. மனைவியின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்தார், அதையும் சரி என்றுதான் பார்த்தார்.

"நான் குடுக்கல" என்றாள் மனைவி.

"என்ன குடுக்கல?"

"அந்த மாத்திரை. எலும்புக்கு உள்ளதை ஒருநாள் தவறாம குடுத்தேன் டாக்டர். அது நம்புங்க. இதைத்தான் குடுக்கல. அப்படியே இருக்கு, பிரிக்காம."

டாக்டர் போனைக் கீழே வைத்தார். 

"ஏம்மா?"

"நீங்கதானே சொன்னீங்க, முன்ன மாதிரியே ஆயிடுவார்னு." அவள் குரல் பல் மருத்துவமனைக் குரலாகவே இருந்தது, மெதுவாக, சமாதானமாக. "முன்ன எப்படி இருந்தார்னு உங்களுக்குத் தெரியாது. தட்டைத் தூக்கிச் சுவத்துல எறிவார். என் பொண்ணு பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கும். நான் இவர் சாவி போட்டுத் திறக்கிற சத்தத்தை வெச்சே இன்னிக்கு எப்படின்னு தெரிஞ்சுக்குவேன். இப்ப சிரிக்கவும் மாட்டேங்கிறார், அது தெரியும். ஆனா சிரிப்பு இல்லாம இருந்துடலாம் டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு குக்கரைப் பார்த்துச் சொன்னார், அவளுக்கான பதிலை.

"டெஸ்டோஸ்டீரோன் ஏறினா தெம்பு வரும். எலும்பு இறுகும், ரத்தம் ஊறும், ஆசை வரும். கோபமும் வரலாம், மனுஷனுக்குக் கோபம் வராம இருக்குமா? ஆனா தட்டைத் தூக்கி எறின்னு எந்தச் சுரப்பியும் உத்தரவு போடாது சார். அது உங்க கை. அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல."

வெளியே மருத்துவமனைச் சுவரை ஒட்டிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெஞ்சு. நல்ல வெயில். இருவரும் உட்கார்ந்தார்கள். குக்கர் தனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தார். பெண்டாட்டி மருந்தை மறைத்திருக்கிறாள், கண் போயிருக்கும், எவனாக இருந்தாலும் இந்நேரம் பெஞ்சு தெருவில் கிடக்கும். சட்டைப்பையில் சில்லறை தேடுவதுபோல் கோபத்தைத் தேடினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அதைப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

"நான் உன்மேல கை நீட்டினதே இல்லையே" என்றார். பழைய நாட்களில் ஒவ்வொரு சண்டைக்கும் அப்புறம் சொல்லும் வாக்கியம். வாய்க்குப் பழகியது, தானாக வந்தது.

"நீட்டல" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா தட்டு பறந்து வரும்போது அது சுவத்துக்கு வருதா எனக்கு வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்? விழுந்தப்புறம்தானே தெரியும்."

இதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தார். கணக்குப் புரிவதுபோல் புரிந்தது, சரியான விடை என்று தெரிந்தது. அதற்கு மேல் அவரால் அதைத் தொட முடியவில்லை.

"ஒண்ணு பண்ணு. மாத்திரை உன்கிட்டயே இருக்கட்டும். நான் சத்தம் போட்டா அன்னிக்கே நிறுத்திடு."

"நிறுத்திட்டு? நான் என்ன கேஸ் அடுப்பா வெச்சிருக்கேன், சிம்ல வைக்க?" அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "உங்க கண்ணு போகட்டும்னு பார்த்துக்கிட்டு நிக்கவா? இந்த மூணு மாசம் நான் தூங்கின தூக்கம் எனக்குத்தான் தெரியும். இனிமே நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க. குடுக்கிறவளும் நானில்ல, நிறுத்துறவளும் நானில்ல."

அன்றைக்குச் சாப்பிட்டதும் அவரே அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையை விழுங்கினார். டாக்டர் சொன்ன குமட்டல் சொன்னபடி வந்தது. மறுநாள் மேசைக்கு வந்தபோது அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் தட்டு இருந்தது. மூன்று பேருக்கும் பிளாஸ்டிக்தான். நீலக்கோட்டுத் தட்டுகள் பரண்மேல் ஏறிவிட்டன.  அவரும் சாப்பிட்டார்.

வாரங்கள் போயின. ரத்தச் சோதனையில் எண்கள் நகர்ந்தன, டாக்டர் "பலே" என்றார். உடம்பு மெதுவாகத்தான் வந்தது. ஒரு காலையில் பசித்தது, நேரமாகிவிட்டதே என்பதற்காக இல்லாமல் நிஜமாகவே பசித்தது. பேருந்தில் யாரோ காலை மிதித்தார்கள், "ஸ்ஸ்" என்றார். மனைவி ஈரத் தலையோடு கடந்து போனபோது சோப்பு வாசனை தெரிந்தது, திரும்பிப் பார்த்தார், அவளும் பார்த்துவிட்டு வேகமாக அடுப்படிக்குப் போனாள். நடுத்தலையணை இருந்த இடத்திலேயே இருந்தது. கவுண்டரில் ஒருவர் மேசையைத் தட்டி "யோவ்" என்றபோது காது மடல் சூடானது. குக்கருக்கு அந்தச் சூட்டைக் கண்டு பயமாக இருந்தது. "பெட்டி என்ன கலர் சார்?" என்று கேட்பதற்குள் பேனா மூடியை இருமுறை கழற்றி மாட்டினார்.

மகள் தோளில் சாய்வதைக் குறைத்திருந்தாள். கதைகள் சுருங்கின. கதவு முதலில் பாதி மூடியது, பிறகு முழுதாக.

அன்று மாலை ஷேவ் செய்யப் போனார். தாடி மறுபடியும் முளைத்து முள்ளாய்க் குத்த ஆரம்பித்திருந்தது, அதைக் கண்ணாடியில் பார்ப்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். பல வருஷத்தில் முதல் சந்தோஷம், அதனால் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ரேசர் கன்னத்தில் இழுபட்டது. முகவாயில் கிழித்து ரத்தம் வந்தது. பிளேடைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கலர் பென்சில் தூள்.

துண்டை முகவாயில் அழுத்திக்கொண்டே சாப்பிட வந்தார். மனைவி பரிமாறிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

"என் ரேசரை யார் எடுத்தது?"

மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான்ப்பா. படத்துக்குப் பென்சில் தூள் வேணும்னு சுரண்டினேன். நீங்கதான் ஷேவே பண்றதில்லையே."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் அது அவருக்குள் எங்கோ போய்த் தைத்தது. காது சுட்டது, கழுத்து சுட்டது, கண்ணுக்கு முன்னால் மேசை கொஞ்சம் சிறுத்தது. அந்தச் சூட்டில் ஒரு சுகம்கூட இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று இருந்தது.

"ஏய்!" என்றார். அந்த வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்காத சத்தம். நாற்காலி பின்னால் சரிந்தது, அவர் எழுந்து நின்றிருந்தார், கையில் தட்டு இருந்தது.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதறவும் இல்லை. தண்ணீர்க் குவளையை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தாள், தன் தட்டை எடுத்தாள், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள், சுவரோடு ஒட்டி, கைக்கு எட்டாத தூரம் விட்டு நடந்தாள். ஒவ்வொன்றும் பழகிய வேலை. பள்ளிக்கூடத்தில் தீ மணி அடித்தால் வரிசையாக வெளியே போவார்களே, அப்படி. இத்தனை வருஷம் அவர் எதிரேயே நடந்திருக்கிறது, அவர் பார்த்ததே இல்லை. கோபத்தில் இருந்தபோது கண் தெரியவில்லை, கோபம் போனபிறகு அந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்கவில்லை.

அடுப்படி வாசலைக் கடக்கும்போது மகள் உள்ளே பார்த்து, தாழ்ந்த குரலில், செய்தி சொல்வதுபோல் சொன்னாள்:

"அம்மா, அப்பாவுக்குக் குணமாயிடுச்சு."

பாத்ரூம் கதவு தாழ்ப்பாள் விழுந்தது.

 அடுப்படியில் மனைவி குழாயை மூடிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். சத்தம் வரும். வந்து முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பிளாஸ்டிக்தான், அள்ளுவது சுலபம்.

சத்தம் வரவில்லை.

ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். அப்போதும் வரவில்லை. மெதுவாகத் திரும்பி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

தட்டு மேசைமேல் இருந்தது. வைத்த கை இன்னும் அதன் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தது, எடுத்தால் பறந்துவிடும் என்பதுபோல.  முகவாயில் ரத்தம், கன்னத்தில் கண்ணீர், இரண்டையும் துடைக்காமல் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவள் கிட்டே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"என்னங்க?"

"வலிக்குது" என்றார்.

"எங்க? விலாவா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.